வெள்ளவத்தையில் இருந்தபடி சுருளிக்குச் சட்டை கழற்றிய கதை

அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காகத் தை மாதம் மூன்று கிழமை கொழும்பில், வெள்ளவத்தையில் நின்றேன். ரொறன்ரோ வீட்டில் சுருளி தனியே. சுருளி என்னுடைய பந்து மலைப்பாம்பு. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும் இனம். ஆறு வருஷமாக என்னோடு இருக்கிறாள், நீளம் நாலடிக்குச் சற்றுக் குறைவு. கீழ் மாடியில் இருக்கும் தம்பியிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்து, தண்ணீர் மாற்றினால் போதும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஐந்தாம் நாள் வட்ஸ்அப்பில் ஒரு படமும் ஒரு வரியும் வந்தன. "அக்கா, இதின்ர கண் நீலமாப் போச்சு. வருத்தமோ?"

வருத்தம் இல்லை, சட்டை கழற்றப் போகிறாள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடி, கண்ணாடி போல ஒரு செதில் இருக்கும். சட்டையோடு அதுவும் சேர்ந்து கழலும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் நீர் ஊறும்போது கண் பால் கலந்த நீலமாகிவிடும். முதுகு சாம்பல் பூசினது போல மங்கும், வயிறு இளஞ்சிவப்பாகும். அந்த நாட்களில் பார்வை சரியாகத் தெரியாததால் எது கிட்ட வந்தாலும் பயப்படும், கொத்தவும் கூடும். அதனால் தூக்கக் கூடாது, எலி கொடுக்கவும் கூடாது. சில நாளில் கண் திரும்பத் தெளியும். எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் நினைப்பது அப்போதுதான். ஆனால் கண் தெளிந்து இன்னும் இரண்டு மூன்று நாள் போனபிறகுதான் சட்டை கழலும்.

சுருளி ஏறக்குறைய எட்டுக் கிழமைக்கு ஒருமுறை கழற்றுவாள். போன முறை திகதியைக் கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். டிக்கெட் போடும்போது அதை ஒருதரம் புரட்டிப் பார்த்திருந்தால் எல்லா ஆயத்தமும் செய்துவிட்டு வந்திருப்பேன். பாம்பு வளர்க்கிறவர்கள் பயணம் போக முதல் இந்த ஒன்றையாவது செய்யுங்கள்.

எனக்கிருந்த ஒரே பயம் ஈரப்பதம். தை மாதத்து ரொறன்ரோவில் ஹீற்றர் இரவு பகலாக ஓடி வீட்டுக் காற்றைக் காயவைத்துவிடும். இந்தப் பாம்பின் பூர்வீகம் மேற்கு, மத்திய ஆபிரிக்கா. சாதாரண நாளில் 60 சதவீதம் வேண்டும், கழற்றும் நாட்களில் 70க்கு மேலே. காற்று காய்ந்தால் சட்டை துண்டு துண்டாக உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். தம்பி அனுப்பிய படத்தில் ஈரப்பதமானி 38 காட்டியது. அதைப் பார்த்தபோது பல்கனியில் நின்றேன். முதல்நாள் காயப்போட்ட அம்மாவின் ஹவுஸ்கோட் கடற்காற்றில் இன்னும் பிசுபிசுவென்று கிடந்தது.

"தண்ணி தெளிச்சு விடும் தம்பி" என்று மட்டும் சொன்னேன். அது பிழை. அவர் வேலை முடிந்து வரும்போது அங்கே இரவு எட்டு, இங்கே காலை ஆறரை. அடுத்த காலை வந்த படத்தில் சுருளியின் கண்ணாடித் தொட்டியெல்லாம் நீர் வழிந்தது, அதன் தரையில் போட்டிருந்த தேங்காய்த் தும்புத்தூள் சேறு போலக் கிடந்தது. காற்றில்தான் ஈரம் வேண்டும், தரை நனைந்திருக்கக் கூடாது. வயிற்றுச் செதில் நாட்கணக்கில் நனைந்தபடி கிடந்தால் புண் வந்துவிடும். சரி, நனைந்த தூளை வாரி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னேன். (அந்தத் தூள் செங்கல் போல அழுத்திய கட்டியாகக் கடையில் வரும். உறையில் இலங்கையில் தயாரித்தது என்று போட்டிருக்கும். எத்தனை தரம் வாங்கினாலும் அந்த வரியை வாசிக்காமல் நான் அதைப் பிரிப்பதில்லை.)

அப்புறம் ஒரு ஐஸ்கிரீம் பெட்டி. மூடியோடு எடுத்து, பாம்பு நுழையுமளவுக்குப் பக்கத்தில் ஓட்டை வெட்டி, விளிம்பில் ரேப் ஒட்டி, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசி நிரப்பவேண்டும். எவ்வளவு ஈரம் என்று கேட்டார். "பிட்டுக்கு மா குழைப்பீரே, அந்தப் பதம். பிடிச்சால் பிடிபடவேணும், தண்ணி சொட்டக்கூடாது." அதற்குமேல் அவருக்கு ஒன்றும் விளக்கவேண்டி வரவில்லை. தொட்டியின் வலை மூடியில் முக்கால்வாசியை அலுமினியத் தாளால் மூடி, மிச்சத்தைக் காற்றுக்கு விட்டார். சூட்டை 32 பாகையிலிருந்து கூட்டவேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் நாள் ஈரப்பதம் 74. சுருளி பெட்டிக்குள் போய்விட்டாள்.

அம்மாவுக்குப் பாம்பு என்றாலே ஆகாது. அதைப் பற்றிக் கதைத்தால் எழும்பிப் போய்விடுவா. ஒப்பரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு இருந்தவ, காலை மருந்து விடும்போது, நான் ஃபோனில் கதைத்ததைக் கேட்டுவிட்டுக் கேட்டா: "அதுக்கும் கண் மங்கலோ?"

"ஓம் அம்மா. ஒரு கிழமைக்கு."

"அப்ப பாவம். ஒருத்தரும் கிட்டப் போகவேண்டாம் எண்டு சொல்லு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மருந்து விட முதல் சுருளியின் கண் தெளிந்துவிட்டதா என்று கேட்பா.

தம்பியின் முதல் படம் வந்து ஒன்பதாம் நாள் கழற்றினாள். மூக்கு நுனியைக் கல்லில் தேய்த்துப் பிளந்து, காலுறையை உட்புறம் வெளியாக இழுப்பதுபோல உரித்துவிட்டிருந்தாள். அந்தச் சட்டையை உடனே தரையில் விரித்து, தலைப் பக்கத்தை ரோர்ச் வெளிச்சத்தில் படமெடுக்கச் சொன்னேன். இரண்டு கண்ணிடத்திலும் மணிபோல வளைந்த மெல்லிய வில்லை, ஓட்டை இல்லாமல் முழுதாக இருந்தது. பெரிய நிம்மதி. அந்தக் கண் வில்லை கழலாமல் ஒட்டிக்கொண்டால் வீட்டில் பிடுங்கப் பார்க்கக் கூடாது, ஊர்வன பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியரிடம்தான் போகவேண்டும்.

ஆனால் வால் நுனியில் ஓர் அங்குலம் குறைந்தது. அந்த வளையத்தை விட்டுவைக்கவும் கூடாது. காய்ந்து இறுகினால் இரத்த ஓட்டம் நின்று நுனியே செத்துவிடும். ஒரு துவாயை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சுருளியைத் தளர்வாக அதற்குள் விட்டு, இருபது நிமிஷம் அதனூடாகத் தானே ஊர விடச் சொன்னேன். அதுவரை தம்பி அவளைக் கையில் எடுத்ததே இல்லை. வீடியோ கோலில் அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது.

"அக்கா, வாலடியில ரெண்டு பக்கமும் நகம் மாதிரி என்னவோ ஒட்டியிருக்கு. இதையும் கழட்டவோ?"

"தொடாதையும்! அது கால்!"

மலைப்பாம்புகளுக்குப் பின்னங்கால் இருந்த இடத்தில் மிஞ்சிய முள் அது. பாம்பின் கால் பாம்பறியும் என்று படித்தோமே, அந்தக் காலை அவர் அன்றைக்குத்தான் கண்டார். கையை எடுத்துவிட்டு, வால் நுனியைப் பெருவிரலால் மெல்ல, நுனிப் பக்கமாக மட்டும் தேய்த்தார். நாலாம் தேய்ப்பில் வெங்காயத் தோல் போல ஒரு சிறு கூம்பு வழுகி அவர் விரலில் வந்தது. கீழே புது வால் பளபளத்தது.

அம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கண்ணாடியைச் சற்று உயர்த்தி, ஃபோனைக் கிட்டப் பிடிக்கச் சொன்னா.

"சட்டையை எறிஞ்சிடாதையும், நான் வந்து பாக்கவேணும்" என்றேன். பேப்பரில் சுற்றி லாச்சிக்குள் வைத்துவிட்டேன் என்றார் தம்பி. சுருளியை அவர் இன்னும் கீழே விடவில்லை.