தாக்கியோவில் ஓர் ஆண்டு: அரசர் திரும்பிய தேர்தல்

1992 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஐக்கிய நாடுகள் தன்னார்வலராகக் கம்போடியாவின் தாக்கியோ மாகாணத்தில் மாவட்டத் தேர்தல் மேற்பார்வையாளர் பணியை ஏற்றேன். அதற்கு முன் தமிழ்நாட்டில் கல்லூரி ஆசிரியராக இருந்தேன். இரண்டு பொதுத் தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் பணிபுரிந்திருந்தேன். அந்த அனுபவத்தை நம்பித்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் அதை நம்பித்தான் போனேன். வாக்காளர் பட்டியல், முகவர்கள், அரக்கு முத்திரை, பெட்டி என்று நான் அறிந்த வேலைதான் அங்கும் இருக்கும், மொழி மட்டுமே வேறு என்று எண்ணியிருந்தேன். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் பதவி இழந்த ஒருவரை மீண்டும் அரியணையில் அமர்த்தும் காரியத்தில் ஒரு கடைக்கோடி எழுத்தராக நான் பங்கெடுக்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

எங்கள் அலுவலகம் தூண்களின் மேல் கட்டிய ஒரு மரவீட்டின் கீழ்த்தளம். என்னுடன் இருவர் முக்கியமாகப் பணியாற்றினார்கள். மொழிபெயர்ப்பாளர் இருபத்து நான்கு வயது இளைஞர். தாய்லாந்து எல்லையில் இருந்த 'சைட் பி' என்ற அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே ஆங்கிலம் கற்றவர். அந்த முகாம் முன்னாள் மன்னர் சிஹானூக்கின் ஆதரவாளர்களுடையது. பதிவேடுகளைக் கவனித்த எழுத்தர் நாற்பது வயதைக் கடந்தவர்; நாட்டை விட்டு ஒருநாளும் வெளியேறாதவர்; வியட்நாம் ஆதரவுடன் தலைநகர் புனோம் பென்னில் அமைந்த அரசின் மாவட்ட அலுவலகத்தில் பத்தாண்டுகள் இருந்தவர். இளையவர் மூத்தவரை 'பூ', அதாவது சித்தப்பா, என்றுதான் அழைத்தார். ஆனால் 1979 ஆம் ஆண்டு ஜனவரி 7 அன்று வியட்நாமியப் படைகள் புனோம் பென்னைப் பிடித்ததை ஒருவர் 'விடுதலை' என்றும் மற்றவர் 'ஆக்கிரமிப்பு' என்றும் சொன்னார்கள். முதல் மாதத்தில் இந்த ஒரு சொல்லுக்காக இரண்டு முறை வேலை நின்றது.

இந்தப் பிளவின் வேர் நாடுகடந்த அரசுகளின் வரலாற்றில் இருந்தது. 1970 மார்ச் 18 அன்று நரோத்தம் சிஹானூக் வெளிநாட்டில் இருந்தபோது, பிரதமர் லோன் நோல் தரப்பு நாடாளுமன்ற வாக்கெடுப்பின் மூலம் அவரைப் பதவி நீக்கியது. அவ்வாண்டு மே மாதமே அவர் பெய்ஜிங்கில் ஒரு நாடுகடந்த அரசை அமைத்தார். அதன் பெயரில் 'அரச' என்ற சொல் இருந்தது. அதன் படைபலமோ, உள்நாட்டில் காடுகளில் இருந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் கையில் இருந்தது. 1975 ஏப்ரலில் அவர்கள் தலைநகரைப் பிடித்தபோது வென்றது பெயரளவில் அரசருடைய அரசாங்கம். ஆட்சி நடத்தியது கெமர் ரூஜ் தலைவர் போல் பாட். சிஹானூக் அரண்மனைக்குள் சிறைவைக்கப்பட்டார். அவருடைய பிள்ளைகளில் ஐவர் அந்த ஆட்சியில் மாண்டார்கள். வியட்நாமியப் படைகள் அந்த ஆட்சியை வீழ்த்திய பிறகு, 1982 ஜூனில் கோலாலம்பூரில் இரண்டாவது நாடுகடந்த அரசு உருவானது. சிஹானூக் அதன் தலைவர், சோன் சான் பிரதமர், கெமர் ரூஜின் கியூ சம்பான் துணைத் தலைவர். தன் பிள்ளைகளைக் கொன்றவர்களுடன் ஒரே மேசையில் அமர ஒருவர் எப்படி ஒப்புக்கொண்டார் என்பதை அங்கிருந்த ஓராண்டு முழுவதும் எண்ணிப் பார்த்தேன். ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கை அவர்களிடம் இருந்தது. அதை விட்டால் தன்னிடம் எதுவும் இல்லை என்று அவர் கணக்கிட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கு அரசியலில் பலித்தது. ஆயினும் அதை மனத்தால் ஏற்க இன்றுவரை என்னால் முடியவில்லை.

என் கடவுச்சீட்டும் அங்கே ஓர் அரசியல் ஆவணமானது. இந்தியா 1980 ஆம் ஆண்டிலேயே புனோம் பென் அரசை அங்கீகரித்திருந்தது. ஆகவே அந்த அரசின் கீழ் சில ஊர்கள் சேர்ந்த நிர்வாக அலகான கம்யூன்களின் தலைவர்கள் என்னைப் பழைய நண்பரைப் போல வரவேற்று இளநீர் வெட்டித் தந்தார்கள். அதே காரணத்துக்காக முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் என் முன் வாய் திறக்கத் தயங்கினார்கள். என் மொழிபெயர்ப்பாளரே இரண்டு மாதங்களுக்குப் பிறகுதான், 'பொங், உங்கள் நாடு எங்களை ஏன் ஏற்கவில்லை?' என்று கேட்டார். பொங் என்றால் அண்ணன். நான் அரசின் ஆள் இல்லை, தேர்தல் ஊழியன் என்று சொன்னேன். அவர் தலையசைத்தார், ஆனால் அது பதிலாகாது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

வாக்காளர் பதிவு 1992 அக்டோபரில் தொடங்கி 1993 ஜனவரி இறுதிவரை நடந்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 47 லட்சம் பேர் பதிந்தார்கள். யாரைப் பதிவது என்ற கேள்வியில்தான் நாடுகடந்த அரசியலின் சிக்கல் முழுவதும் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. போரிட்ட தரப்புகள் 1991 இல் செய்த பாரிஸ் அமைதி உடன்படிக்கையின்படி அமைந்த ஐ.நா. இடைக்கால நிர்வாகம், மக்கள் 'அன்டாக்' என்று அழைத்த அமைப்பு, ஒரு தேர்தல் சட்டம் வகுத்திருந்தது. கம்போடியாவில் பிறந்து, பெற்றோரில் ஒருவரேனும் அங்கே பிறந்திருந்தால் பதியலாம். வெளிநாட்டில் பிறந்தவரானால், பெற்றோரில் ஒருவரும், அந்தப் பெற்றோரின் தாய் தந்தையரில் ஒருவரும் கம்போடியாவில் பிறந்திருக்க வேண்டும். புலம்பெயர்ந்தவர்கள் பாரிஸிலும் நியூயார்க்கிலும் சிட்னியிலும் வாக்களிக்கலாம். ஆனால் பெயரைப் பதிவு செய்ய நாட்டுக்குள் வந்தே ஆக வேண்டும். பல ஆண்டுகள் கொடியையும் கோரிக்கையையும் வெளிநாட்டில் கட்டிக்காத்தவர்களுக்கு இந்த விதி கசந்தது. பாரிஸிலிருந்து வந்த ஒரு முதியவர், தாம் பிறந்த ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு, அந்த ஊர் எங்கே என்று எங்களிடமே விசாரித்தார். போல் பாட் காலத்தில் அந்த ஊர் கலைக்கப்பட்டிருந்தது. எழுத்தர்தான் எழுந்து, பழைய ஆட்களிடம் கேட்டு, கால்வாய்க்கு அப்பால் இருந்த மேட்டைக் காட்டிக்கொடுத்தார். மறுநாள் முதல் எங்கள் அலுவலகத்தில் அந்த 'விடுதலை, ஆக்கிரமிப்பு' வாக்குவாதம் எழவில்லை.

வாக்காளர் கல்விக் கூட்டங்கள் பெரும்பாலும் புத்த விகாரைகளில் நடந்தன. நான் கெமர் எழுத்துகளைக் கற்கத் தொடங்கியிருந்தேன். அவை பல்லவர் கால எழுத்திலிருந்து பிறந்தவை என்பதால், விகாரைச் சுவர்களில் சில வளைவுகளைப் பார்க்கும்போது அறிமுகமான முகத்தைக் கண்டதுபோல் இருக்கும். அத்தகைய ஒரு கூட்டத்தில், இருபது கட்சிகளின் சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டை விளக்கிக்கொண்டிருந்தபோது, தலையை மழித்த ஒரு பாட்டி முன்வரிசையிலிருந்து கேட்டார்: 'சம்தேச் ஓவின் சின்னம் எது?' சம்தேச் ஓவ் என்றால் இளவரசர் அப்பா. சிஹானூக்கை ஊரார் அப்படித்தான் குறிப்பிட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு முறைப்படி ஒரு பதில்தான் உண்டு. சிஹானூக் எந்தக் கட்சியின் வேட்பாளரும் அல்லர். ஃபுன்சின்பெக் அவர் தொடங்கிய கட்சி. இப்போது அதை நடத்துபவர் அவருடைய மகன் ரணரித். முடியாட்சி வேண்டுமா என்ற கேள்வி வாக்குச்சீட்டில் இல்லை. பாரிஸ் உடன்படிக்கையிலும் அரியணை பற்றிய ஏற்பாடு இல்லை. 120 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபையைத்தான் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றதை அந்தச் சபை முடிவு செய்யும். இதைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் என் சொற்களைச் சரியாகவே மொழிபெயர்த்தார். அவருடைய முகம் மட்டும் வேறு எதையோ சொல்லத் துடித்தது. பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் மகனுக்குப் போட்டால் அப்பா வருவாரா?' என்றார். நான் விதிமுறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நடுநிலை என்பது அன்று எனக்குக் கடமையாக இருந்தது. அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டி அரசியலமைப்பு வல்லுநர்களைவிடத் துல்லியமாகத் தேர்தலைப் புரிந்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1993 ஏப்ரல் தொடக்கத்தில் கம்போங் தோம் மாகாணத்தில் எங்களைப் போலவே மேற்பார்வையாளராக இருந்த ஒரு ஜப்பானிய இளைஞர் தம் மொழிபெயர்ப்பாளருடன் சுட்டுக்கொல்லப்பட்டார். கெமர் ரூஜ் தேர்தலைப் புறக்கணித்திருந்தது. தன்னார்வலர்கள் சிலர் விலகினார்கள். நான் இருந்தேன், துணிச்சலால் அல்ல, என் மொழிபெயர்ப்பாளருக்குத் திரும்பிச் செல்ல வேறு நாடு இல்லை என்பதால். ஊர்களில், வாக்காளர் அட்டைகளைச் சிலர் வாங்கி எண்களைக் குறித்துச் செல்வதாகவும், யாருக்குப் போட்டோம் என்பதை விண்ணிலிருந்து கண்டுபிடிப்பார்கள் என்றும் பேச்சு பரவியது. அன்டாக் வானொலி 'உங்கள் வாக்கு இரகசியமானது' என்று ஓயாமல் சொன்னது. நாங்களும் அதையே சொன்னோம். மே 23 அன்று விடியுமுன் மழையில் வரிசை நின்றது. நாடெங்கும் பதிந்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள்.

ஃபுன்சின்பெக் 58 இடங்களும், புனோம் பென் அரசின் பிரதமர் ஹுன் சென்னின் கம்போடிய மக்கள் கட்சி 51 இடங்களும் பெற்றன. தோற்ற கட்சியிடம் இராணுவமும் காவலும் ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்தின் சாவியும் இருந்தன. கிழக்கு மாகாணங்கள் சில பிரிந்துபோவதாக ஜூனில் அறிவிப்பு வந்து, சில நாட்களில் அடங்கியது. அதற்குள், வென்றவரும் தோற்றவரும் இணைத் தலைவர்களாக அமரும் இடைக்கால அரசு முடிவாகிவிட்டது. ஜூன் 14 அன்று கூடிய சபை, 1970 ஆம் ஆண்டின் பதவி நீக்கம் செல்லாது என்றும் சிஹானூக் இடையறாது நாட்டுத் தலைவராகவே இருந்தார் என்றும் தீர்மானித்தது. மறுநாள் எழுத்தர் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. அவர் முத்திரை குத்திய பத்தாண்டுக் காகிதங்கள் அந்த இருபத்து மூன்று ஆண்டுகளுக்குள் இருந்தன.

நான் ஊர் திரும்பிய பின், செப்டம்பர் 24 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து சிஹானூக் மீண்டும் மன்னரானார். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 1970 இல் அவர் இழந்தது மகுடமன்று; மகுடத்தை 1955 ஆம் ஆண்டிலேயே தம் தந்தைக்கு விட்டுக்கொடுத்து, அரசியல்வாதியாக ஆளத் தொடங்கியிருந்தார். நாடுகடந்த அரசுகள் அவருக்காகக் கோரியது ஆளும் அதிகாரத்தை. கிடைத்ததோ, மன்னர் அரசோச்சுவார், ஆளமாட்டார் என்று எழுதப்பட்ட ஓர் அரியணை. அதற்கு அடுத்து வருபவரையும் ஓர் அரியணை மன்றமே தேர்ந்தெடுக்கும்.

மொழிபெயர்ப்பாளருக்குக் கட்சி ஒதுக்கீட்டில் தலைநகரில் ஓர் அமைச்சகத்தில் வேலை கிடைத்தது. இரண்டு பிரதமர்கள் இருந்த அந்த ஏற்பாட்டில், தம் அறையில் எல்லாக் கோப்புகளுக்கும் இரண்டு கையெழுத்துகள் தேவைப்படுவதாக எழுதினார். 1997 ஜூலைச் சண்டையில் ஹுன் சென் தரப்பால் ரணரித் வீழ்த்தப்பட்ட பின் ஓராண்டு கடிதம் இல்லை. பிறகு ஒன்று வந்தது. பாட்டி இறந்துவிட்டார் என்றும், அவர் வீட்டில் மன்னரின் படம் இருக்கிறது என்றும், கம்யூன் அலுவலகத்தில் நமக்கு இளநீர் வெட்டித் தந்த அதே தலைவர்தான் இன்னும் இருக்கிறார் என்றும் அதில் இருந்தது. அந்தப் பதவிகளுக்கு முதல் தேர்தல் 2002 பிப்ரவரியில் நடந்தது.