அறிக்கையில் விடுபட்ட வரி

12-ஆவது வார ஸ்கேன் அறிக்கையில் எல்லாம் இருந்தது: இரண்டு இதயத்துடிப்பு, இரண்டு சிசுக்களின் நீளம், பிரசவத் தேதி, கையெழுத்து, முத்திரை. நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பது மட்டும் இல்லை. இரட்டைக் கர்ப்பத்தில் முதலில் தெரியவேண்டியதே அதுதான். 14 வாரம் தாண்டினால் அதை உறுதியாகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போகும்.

மருத்துவரிடம் கேட்டேன். "பனிக்குடம் இரண்டு இருக்கிறதே, அப்புறம் என்ன? நான்கு வாரம் கழித்து வாருங்கள்" என்றார். பனிக்குடம் இரண்டானாலும் நஞ்சுக்கொடி ஒன்றாக இருக்கலாம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அப்படித்தான்.

படங்களைக் கேட்டு ஸ்கேன் மையத்துக்குப் போனால், வரவேற்பில் இருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அறிக்கைதான் கொடுத்தாயிற்றே அம்மா. படம் வேண்டுமானால் டாக்டர் கடிதம் கொண்டுவாருங்கள்" என்றார். டாக்டரின் உதவியாளரோ, "அது மையத்தின் பொறுப்பு, நாங்கள் ஏன் கடிதம் தரவேண்டும்?" என்றார். என் கணவர் மறுபடியும் மையத்துக்குப் போய், படம் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஸ்கேன் எடுத்த பெண்ணே வெளியே வந்து, சேமித்திருந்த படங்களைத் தேடித் தந்தார். இரு பனிக்குடங்களுக்கும் நடுவிலுள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடம் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அந்த இடம் முக்கோணமாகத் தடித்திருந்தால் நஞ்சுக்கொடி இரண்டு. ஆங்கில 'டி' வடிவில் நேராக முட்டினால் ஒன்று. எங்களுடையது டி.

சிசு மருத்துவ நிபுணர் படத்தைப் பார்த்ததுமே, 16-ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் என்று சொல்லிவிட்டார். ஒரே நஞ்சுக்கொடி என்றால் இரு சிசுக்களின் ரத்தக்குழாய்களும் அதற்குள் இணைந்திருக்கும். கொடுக்கல் வாங்கல் சமமாக இருக்கும்வரை தொல்லையில்லை. ஒன்றின் தமனியிலிருந்து மற்றதன் சிரைக்கு ஒருவழிப் போக்கு மிஞ்சினால்தான் ஆபத்து. கொடுக்கும் சிசு ரத்தம் குறைந்து, சிறுநீர் கழிப்பது நின்று, நீரில்லாமல் ஒடுங்கிப்போகும். பெறும் சிசுவைச் சுற்றி நீர் பெருகும், இதயம் திணறும். இத்தகைய கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இந்தக் கோளாறு வருகிறது.

16, 18-ஆவது வாரங்களில் குறையில்லை. 19-இல் திடீரென்று வயிறு கல்லாக இறுகியது, படுத்தால் மூச்சு முட்டியது. தொலைபேசியை எடுத்தவர், "இரட்டைக் குழந்தை என்றால் வயிறு பெரிதாகத்தான் இருக்கும், குறித்த தேதிக்கு வாருங்கள்" என்றார். அந்தப் பதில் இன்றும் கசக்கிறது. தேதியைப் பார்க்காமல் போய் நின்றோம். ஒரு சிசுவைச் சுற்றி நீரின் ஆழம் 9 செ.மீ.; மற்றதற்கு 1 செ.மீ.கூட இல்லை. 8-க்கு மேலும் 2-க்குக் கீழும் போனால் நோய் உறுதி. சிறியதன் சிறுநீர்ப்பை கண்ணுக்கே தெரியவில்லை. ஐந்து நிலைகளில் இது இரண்டாவது.

இதற்கு லேசர் சிகிச்சை வேண்டும் என்றார்கள். அதைச் செய்யும் மருத்துவமனை வேறு. அங்கே ரத்தப் பிரிவு அறிக்கையின் மூலப்பிரதி இல்லாமல் கோப்பே திறக்கமாட்டேன் என்றார் எழுத்தர். நகல் கையில் இருந்தது, ஏற்கவில்லை. என் ரத்தம் நெகட்டிவ், சிசுவின் ரத்தத்துக்கு எதிராக என் உடல் திரும்பாமலிருக்கப் பிறகு ஆன்டி-டி ஊசி போடவேண்டும், ஆகவே அந்த விவரம் முக்கியம்தான். அதற்காக இந்த நிலையில் திருப்பி அனுப்புவதா? கேட்டுக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர், "புதிதாக ரத்தம் எடுத்தால் போயிற்று" என்று என் கையைப் பிடித்தார். அதோடு தீர்ந்தது.

சிகிச்சை சிக்கலின்றி முடிந்தது: மரத்துப்போக ஊசி, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவி, இணைப்புகளைச் சுட்டு அடைத்து மிகுந்த நீரை வடித்தார்கள். முன்பு நீரை மட்டுமே வடித்துப் பார்ப்பார்களாம். 2004-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு லேசரே மேல் என்று காட்டியது.

லேசரோடு எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணுக்குத் தப்பிய மெல்லிய குழாய்கள் வழியே ரத்தம் மெதுவாகக் கசிந்து, ஒரு சிசுவுக்கு ரத்தசோகையும் மற்றதற்கு ரத்தம் தடிப்பதும் நேரலாம். பனிக்குட நீரின் அளவில் இது தெரியாது. மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளந்தால்தான் தெரியும். அந்த எண் இரு சிசுக்களுக்கும் எழுதப்பட்டிருக்கிறதா என்று அறையை விட்டு வரும் முன்பே பாருங்கள். ஒருமுறை எனக்கு ஒன்றுக்கு மட்டும் எழுதியிருந்தார்கள். சுட்டிக்காட்டியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மீண்டும் படுக்கச் சொன்னார்கள். படுத்தேன்.

32-ஆவது வாரத்தில் இருவரும் பிறந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள், பிறகு வீடு. கிளம்பும்போது தந்த அறிக்கையில் 'இரட்டைக் குழந்தைகள், குறைப்பிரசவம்' என்று மட்டுமே இருந்தது. லேசர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதயம், மூளை, வளர்ச்சி என்று பின்னால் இவர்களைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும். திருத்தித் தரும்வரை கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். "கணினியில் அதற்குக் கட்டமே இல்லை" என்றார்கள். பேனா இருக்கிறதே என்றேன். பேனாவால்தான் எழுதித் தந்தார்கள், முத்திரையும் வைத்து.