திருவோணத்துக்குத் தெற்கே ஒரு துடிப்பு

திருவோணம் உச்சிக்கு வரும் மாதங்களில் எனக்கு இரவுதான் வேலை நேரம். அதற்குச் சற்றுத் தெற்கே ஈட்டா அக்விலே என்ற செபீட் விண்மீன், அதாவது சீராக விரிந்து சுருங்கித் துடிக்கும் வகை விண்மீன், இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் இரவுக்கு ஒரு நிறமாலை எடுத்துவிடுவேன். அது 7.18 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒளி. 1784-இல் எட்வர்ட் பிகாட் வெறுங்கண்ணாலேயே அந்த மாறுதலைப் பிடித்துவிட்டார்.

சேர்ந்த புதிதில், விண்மீன் பெருக்கும்போதுதான் பிரகாசமாகும் என்று எண்ணியிருந்தேன். நிறமாலை வேறு சொன்னது. மங்கிய இரவுகளில் 4300 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துப் பக்கம் சிஎச் (கார்பன்-ஹைட்ரஜன்) மூலக்கூறின் கோடுகள் அடர்ந்து கிடக்கும். ஒளி உச்சத்தில் அவை மெலிந்துபோய், ஹைட்ரஜன் கோடுகள் வலுத்து நிற்கும். ஏறியிருப்பது வெப்பம். ஆரம் பத்துச் சதவீதம் போல மாறுகிறது, அவ்வளவுதான். ஒளியோ ஆரத்தின் இருமடியையும் வெப்பநிலையின் நான்மடியையும் பொறுத்தது. 5500 கெல்வின் 6500 ஆனாலே கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். ஒரு சுற்றில் அதே ஆரத்தை விண்மீன் இருமுறை கடக்கிறது: விரியும்போது சூடாக, பளிச்சென்று, சுருங்கும்போது ஆறி, மங்கலாக. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

நான் இடறியது ஈர்ப்பில். விண்மீனின் பரப்பு ஈர்ப்புக்கு ஒரே மதிப்பை எல்லா இரவுக்கும் போட்டு, அதில் உள்ள இரும்பின் அளவைக் கணக்கிட்டேன். ஒளி விறுவிறுவென ஏறும் இரவுகளில் மட்டும் எலக்ட்ரான் இழந்து அயனியான இரும்பின் கோடுகள், எலக்ட்ரான் இழக்காத நடுநிலை இரும்பின் கோடுகளைவிடக் குறைந்த இரும்பையே காட்டின. ஒரு வாரத்துக்குள் விண்மீனின் இரும்பு கூடிக் குறையுமா? இரண்டு நாள் கருவியைச் சந்தேகித்தேன்.

மூத்தவர் ஒருவர் அட்டவணையைப் பார்த்தார். "தம்பி, நின்னுக்கிட்டிருக்கிற நட்சத்திரத்துக்குப் போடுற ஈர்ப்ப இதுக்குப் போட்டிருக்கீங்க. லிஃப்ட் மேல கிளம்புறப்ப உடம்பு கனக்குமே, யோசிங்க."

உள்ளே விழுந்துகொண்டிருந்த வாயு அடுக்கு, மிகச் சிறுத்த கட்டத்தில் நின்று வெளிநோக்கி உந்தப்படுகிறது. நிறைக்கும் ஆரத்துக்கும் உரிய ஈர்ப்போடு அந்த முடுக்கமும் சேர்கிறது. வாயு இறுகுவதால் அயனிக் கோடுகள் மெலிகின்றன. அந்த இரவுகளுக்கு ஈர்ப்பைக் கூட்டிப் போட்டதும் இரண்டு இரும்பும் ஒத்துவந்தன.

அன்றிலிருந்து கோப்பின் பெயரில் தேதிக்குப் பக்கத்திலேயே துடிப்பின் கட்டத்தையும், அதாவது ஒளி உச்சத்திலிருந்து சுற்றில் எவ்வளவு பங்கு கடந்தது என்பதையும், எழுதிவிடுகிறேன். ஒளி ஏறும் நேரமான 0.92 என்று கண்ணில் பட்டால் முதலில் ஈர்ப்பைத்தான் திறந்து பார்க்கிறேன்.