கைக்கெட்டும் தூரத்து நாடகம்

மின்விசிறிகளை நிறுத்திய பிறகே இன்று நாடகம் தொடங்கியது. அவற்றின் இரைச்சல் நடிகர்களின் தணிந்த குரலை விழுங்கிவிடும் என்பதால், அந்தச் சிற்றரங்கின் கோடை வெக்கையை எல்லோரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டோம்.

கடிதத்தைப் பிரிக்கும் காட்சியில், நடிகையின் கட்டைவிரல் தாளின் ஓரத்தைத் தடவித் தயங்கியது.

பெரிய மேடையில் அந்த அசைவு முன்வரிசையைக்கூட எட்டியிருக்காது.

போலந்தின் ஒபோலே நகரில், 13 வரிசைகளே கொண்ட சிற்றரங்கின் பொறுப்பை 1959இல் ஏற்ற நாடக இயக்குநர் யெர்ஸி குரோட்டோவ்ஸ்கி, ஒப்பனையும் காட்சியமைப்பும் இல்லாமல் நாடகம் நிகழும், நடிகருக்கும் பார்வையாளருக்குமான உயிருள்ள உறவு இல்லாமல் நிகழாது என்று வாதிட்டார். அவர் சொன்னது முழு உண்மை என்றே நான் நம்புகிறேன்.

சில முறை மட்டுமே நிகழ்த்தப்படும் நாடகத்துக்கு இந்தக் குழுவினர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிறார்கள்.

அடுத்த வாரம் இதே குழு வேறொரு நாடகத்தை நிகழ்த்துகிறது. இருக்கைகள் குறைவு என்பதால் இன்றே முன்பதிவு செய்துவிட்டேன்.