ஷூரா பற்றிய ஒரு வரி

ஆய்வேட்டின் அந்த வரியை மாற்றச் சொன்னது சரிதானா என்று இன்னும் எனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். திருக்குர்ஆனின் 42:38ஆம் வசனம் கூறும் ஷூராவில், அதாவது கலந்தாலோசனையில், மக்களாட்சியின் வித்து ஆதியிலிருந்தே இருக்கிறது என்று மாணவி எழுதியிருந்தார். யாரைக் கலந்துகொள்வது, அவர்களுடைய ஆலோசனை ஆட்சியாளரைக் கட்டுப்படுத்துமா என்பதில் மார்க்க அறிஞர்களே ஒருமித்த கருத்துக்கு வராதபோது இவ்வளவு உறுதியாக எழுதலாகாது என்று ஓரத்தில் குறித்தேன்.

குறிப்பைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "சார், சமயச் சுதந்திரத்தை ஏற்ற வத்திக்கான் சங்க ஏட்டை, மனித மாண்பு பற்றிய பழைய போதனையின் வளர்ச்சி என்று முந்தைய இயலில் எழுதியிருக்கிறேன். அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. எங்கள் மார்க்கத்துக்கு அதையே எழுதினால் மட்டும் ஏன் சார் ஆதாரம் போதவில்லை?"

நான் கத்தோலிக்கன் என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

1864இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் கண்டித்த கருத்துகளுள் சமயச் சுதந்திரமும் ஒன்று. 1965இல், உலகெங்கிலுமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 2,308 பேர் ஆதரிக்க, 70 பேர் எதிர்க்க, சங்கம் அதை உரிமையாக அறிவித்தது. அங்கே மாற்றத்துக்குத் தேதியும் கையொப்பமும் உண்டு. இஸ்லாத்தில் அப்படி அனைவரையும் கட்டுப்படுத்தும் ஒரு பீடம் இல்லை என்றேன். அவர் உடனே எகிப்திய மார்க்க அறிஞர் அலி அப்துர் ராஸிக்கைச் சுட்டினார். கிலாபத், அதாவது கலீஃபாவின் ஆட்சி, மார்க்கத்தின் கட்டாயம் அன்று என 1925இல் எழுதிய அவருடைய ஆலிம் (மார்க்க அறிஞர்) தகுதியைக் கெய்ரோவின் இஸ்லாமியக் கல்விப் பீடமான அல்-அஸ்ஹர் பறித்தது. ஒரு பீடத்தின் தீர்ப்பையே வளர்ச்சியின் அளவுகோலாக்கினால், தோற்கடிக்கப்பட்ட சிந்தனையைக் கணக்கில் சேர்ப்பது யார் என்று கேட்டார்.

நூல் சொல்வதும் நிறுவனம் ஏற்பதும் வெவ்வேறு. நீதியான ஆட்சிக்குப் பின்னது தேவை என்பதில் இப்போதும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் இஸ்லாமிய அரசியல் கட்சியான நஹ்தா கலந்துகொண்டு உருவாக்கிய துனீசியாவின் 2014 அரசமைப்பு மனச்சான்றின் சுதந்திரத்துக்கு உறுதியளித்தது. 2022இல் அந்த அரசமைப்பு அகற்றப்பட்டது மார்க்க அறிஞர்களால் அன்று, குடியரசுத் தலைவரால். நிறுவனம் வீழ்ந்தது என்பதற்காக அதை எழுதிய சிந்தனையும் பொய்த்தது என்று நான் மதிப்பெண் போட முடியுமா?

அவர் வரியை மாற்றினார்: "வித்து இருக்கிறது" என்பது "வித்து இருப்பதாகப் பலர் வாசிக்கின்றனர்" என்றானது. கத்தோலிக்க இயலில் உள்ள வரியையும் அவ்வாறே மாற்றச் சொல்லியிருக்கலாம். அந்த வரி அப்படியே நூலகத்தில் இருக்கிறது.