ரோட்டரி இன்ஜினுக்கு இன்டேக் மேனிஃபோல்டு அமைத்த அனுபவம்

பெர்த்தில் குடியேறிய என் பள்ளித் தோழர், தாம் சொந்தமாகக் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்துக்கு பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் மாஸ்டா 13பி என்ற ரோட்டரி கார் இன்ஜினைத் தேர்ந்தெடுத்தபோது, அதற்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டை வடிவமைத்துச் செய்துதரும் பொறுப்பைச் சிங்கப்பூரிலிருந்தபடியே நான் ஏற்றுக்கொண்டேன். காரில் இந்த இன்ஜின் எல்லா வேகங்களிலும் ஓட வேண்டியிருக்கும். விமானத்திலோ, 2.85-க்கு 1 என்ற கியர் வழியாகப் புரொப்பெல்லரைச் சுழற்றும்போது, பெரும்பாலான நேரம் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளை ஒட்டியே நிற்கும். ஆகவே அந்த ஒரு வேகத்துக்கே குழாய்களைப் பொருத்தினால் போதும் என்று முதலிலேயே முடிவு செய்தோம்.

இந்த இன்ஜினில் வால்வு கிடையாது. காற்று நுழையும் துளையை ரோட்டரே திறந்து மூடுகிறது. இன்ஜின் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரும் ஒருமுறை, 654 கன சென்டிமீட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கிறது. இரண்டு ரோட்டர்களும் 180 பாகை தள்ளி இயங்குகின்றன. ஒரு துளை ஏறக்குறைய 270 பாகை திறந்திருப்பதாகக் கொண்டால், ஒரு ரோட்டரின் துளை திறந்த 90 பாகைக்குப் பின் மற்ற ரோட்டரின் துளை மூடுகிறது. திறக்கும் கணத்தில் மிச்சமிருக்கும் புகைவாயுவால் எழும் அழுத்த அலை, மற்ற துளை மூடுவதற்குச் சற்று முன் அங்கே போய்ச் சேர்ந்தால், கூடுதல் காற்று உள்ளே அடைபடும். 1980-களின் ஆர்எக்ஸ்-7 கார்களில் மாஸ்டா கையாண்ட வழி இதுவே. எனக்கு இதைவிட நேர்த்தியான தீர்வு தெரியவில்லை.

6,000 சுற்றில் 90 பாகை என்பது 2.5 மில்லி வினாடி. நம் ஊர் வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்வதால், துளையிலிருந்து துளைக்கு 87 சென்டிமீட்டர் பாதை வேண்டும், அதாவது ஒவ்வொரு கிளைக்கும் ஏறக்குறைய 44 சென்டிமீட்டர். உள்விட்டம் 44 மில்லிமீட்டர் என்று வைத்தபோது, துளை திறந்திருக்கும் நேரத்தில் காற்றின் சராசரி வேகம் வினாடிக்கு 57 மீட்டர் அளவில் வந்தது. அது எனக்குத் திருப்தியாக இருந்தது.

உண்மையான தலைவலி வெப்பம்தான். 13பி-யில் காற்று நுழையும் துளையும் புகை வெளியேறும் துளையும் ஒரே பக்கத்தில், மேலும் கீழுமாக இருக்கின்றன. குழாய்க்குள் காற்று 60 டிகிரிக்குச் சூடானால், அடர்த்தி குறைந்து சக்தி இறங்குவதோடு, ஒலியின் வேகமும் கூடி, தேவையான பாதை சுமார் 4 சென்டிமீட்டர் நீண்டுவிடுகிறது. அதனால் மில்லிமீட்டர் கணக்கில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கிளையின் நடுவிலும் சிலிக்கோன் ரப்பர் உறை இணைப்பு வைத்து, நீளத்தைக் கூட்டிக் குறைக்க இடம் கொடுத்தேன். புகைக்குழாய்க்கு மேலே ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தகட்டையும் தடுப்பாக வைத்தேன்.

இன்ஜினை மூடும் கௌலிங்குக்குள் குழாய் வளைவுகள் அடங்குகின்றனவா என்று பார்க்க மாதிரியைப் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டோம். அது 60 டிகிரிக்கு அருகிலேயே இளகிவிடும் என்பதால் இன்ஜின் ஓட்டத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. அசல் பொருளை அலுமினியக் குழாயில், காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் டிக் (TIG) வெல்டிங் செய்து கொடுத்தார். ஒவ்வொரு இணைப்பையும் விரல் எட்டும் தூரத்திலேயே வைக்கச் சொன்னவரும் அவரே. “வெளியில அழகா இருந்தா போதாது தம்பி, உள்ள மணி மணியா நின்னா ஒருநாள் உடைஞ்சு ரோட்டருக்குள்ள போயிரும்” என்றபடி, உட்புற மேடுகளை அராவி, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தகட்டின் திருகுகளையும் முனை தட்டிப் பரப்பிப் பூட்டினோம், ஏனெனில் அங்கிருந்து கழன்று விழும் எதுவும் நேரே ரோட்டரின் முனைகளில் வாயு கசியாமல் அடைக்கும் முனை சீல்களைத்தான் உடைக்கும்.

பெர்த்தில் பொருத்திய பிறகு, இரு ரோட்டர்களின் புகை வெப்பநிலையையும் தனித்தனியே அளந்தபடி தோழர் தரையில் நெடுநேரம் ஓட்டினார். ஒன்று மட்டும் எரிபொருள் குறைந்து ஓடினால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்தெரிவது) வந்து முனை சீல் போய்விடும் என்பதால், உச்ச சக்தியைவிட இந்தச் சமநிலையையே நான் பெரிதாக எண்ணினேன். இரண்டு அளவுகளும் நெருங்கியே நின்றன. உறை இணைப்பில் நீளத்தைச் சிறிது கூட்டியபோது 6,000 சுற்றில் இழுவை தெளிவாக மேம்பட்டது. அந்த நீளத்திலேயே கிளாம்புகளை இறுக்கி, பாதுகாப்புக் கம்பி கட்டினார்.