லைட் எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது. "லைட்தான் எரியுதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்பார் ஒருவர். "பேட்டரி போச்சு, மாத்திடுங்க சார்" என்பார் இன்னொருவர். இரண்டுமே அளக்காமல் சொல்வது.

இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 10 ஆம்பியர். பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் வரை இழுக்கும், டீசலில் இன்னும் அதிகம். பேட்டரியில் ஒயர் மாட்டும் டெர்மினலில் உப்புப் பூத்து 0.02 ஓம் தடை இருந்தாலும் லைட்டுக்குக் குறைவது 0.2 வோல்ட்தான், பளிச்சென்றே எரியும். செல்ஃபுக்கோ 3 வோல்ட் அங்கேயே போய்விடும்.

மீட்டரை எடுக்குமுன் காது கொடுங்கள். 'டக் டக் டக்' என்று படபடத்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்'கோடு நின்றால் சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) காண்டாக்ட் அல்லது மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ஸ்டார்ட்டர் ரிலே (சாவி திருப்பினால் சொலினாய்டுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), கிளட்ச் மிதித்திருப்பதைக் காட்டும் கிளட்ச் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியை நியூட்ரலில் போட்டும் ஒருமுறை பாருங்கள்.

இப்போது மல்டிமீட்டர், 20 வோல்ட் டிசியில். சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.0 பக்கம் என்றால் கிட்டத்தட்ட காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்குகிறதா? சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால்தான் புது பேட்டரிக்குக் காசு.

பேட்டரியில் வோல்ட் குறையாமல், செல்ஃப் மட்டும் இழுத்து இழுத்துச் சுற்றினால் குற்றம் ஒயரில். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க ஃப்யூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈய முளை மேலேயே வையுங்கள், மற்றதை அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு கெட்டது. அடுத்து மைனஸ் முளைக்கும் இன்ஜின் பிளாக்கின் வெற்று இரும்புக்கும் நடுவே. இங்கே 0.5 தாண்டினால் குற்றம் பேட்டரி மைனஸை பாடியோடும் இன்ஜினோடும் இணைக்கும் எர்த் ஒயரில்தான். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் போல்ட் துருப்பிடித்திருக்கலாம். பலரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

டெர்மினலைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். பூத்ததைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, துடைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் அது வேறு கணக்கு. சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் ஓரிரு வினாடி 'ஊம்' என்று பம்ப் ஓடும் சத்தம் வர வேண்டும். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லையென்றால் இன்ஜினை ஓட விடாத திருட்டுத் தடுப்பு. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் மீட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டாம். பெரும்பாலான கார்களில் ஐடிலிங்கில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்கும். 12.5-லேயே நின்றால், இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. நாளைக் காலையும் இதே கதைதான்.